பழைய லேண்ட் குரூசரில் கேபின் வடிகட்டி பொருத்துதல்

கேபின் வடிகட்டி என்பது வண்டிக்குள் இருப்பவர்கள் சுவாசிக்கும் காற்றைச் சலித்து அனுப்பும் மடிப்புத் தாள். மெக்கானிக் கடைகளில் இதை ஏசி ஃபில்டர் என்பார்கள். எஞ்சினுக்குப் போகும் காற்றைச் சலிக்கும் ஏர் ஃபில்டர் வேறு. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் கேபின் வடிகட்டி கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. 1990-களின் நடுப்பகுதிக்கு முன் வந்த காட்டுவழி வண்டிகளில் அநேகமாக இல்லை. புழுதியில் ஓடுவதற்கென்றே செய்த வண்டிகளில் எஞ்சினுக்குப் பெரிய வடிகட்டியும், உயரத்திலிருந்து காற்றிழுக்கும் ஸ்நார்க்கல் குழாயும் வைத்தார்கள். ஓட்டுபவரின் நுரையீரலுக்கு எதையும் வைக்கவில்லை. அந்தக் குறையைச் சரிசெய்ய உரிமையாளர்கள் தாமே மேற்கொள்ளும் மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டாக 1990 முதல் விற்பனைக்கு வந்த டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வரிசையையும், அது இன்றும் ஓடும் ஆஸ்திரேலிய உள்நாட்டுப் பாதைகளையும் எடுத்துக்கொள்கிறது.

காருக்குள் வடிகட்டிய காற்று என்பது புதிய எண்ணம் அல்ல. 1938-இல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை வடிகட்டி, சூடாக்கி, விசிறியால் உள்ளே அனுப்பும் அமைப்பைத் தன் கார்களில் வைத்தது. அடுத்த ஆண்டு அதற்கு வெப்பக் கட்டுப்பாடும் சேர்ந்து 'வெதர் ஐ' என்ற பெயரும் வந்தது. ஆயினும் பரவலான வழக்கமாக அது மாறத் தொடங்கியது 1980-களின் இறுதியில், ஐரோப்பியக் கார்களில்தான். காட்டுவழி வண்டிகள் அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தன.

ஆஸ்திரேலியப் புழுதி

கிம்பர்லி வட்டாரத்தின் கிப் ரிவர் சாலை ஏறத்தாழ 660 கிலோமீட்டர். மேற்கு ஆஸ்திரேலியப் பாலைகளை ஊடறுக்கும் கேனிங் ஸ்டாக் ரூட் ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர். இந்த வழிகளில் வண்டி ஓட்டுபவர்கள் 'புல்டஸ்ட்' என்று ஒரு புழுதியைச் சொல்வார்கள். முகப்பூச்சு மாவைப் போல நைந்த மண் அது. பள்ளம் இருப்பதே தெரியாமல் நிரப்பிக் கிடக்கும். சக்கரம் இறங்கினால் நீரைப் போலத் தெறிக்கும். இரும்பு ஆக்சைடு அதற்குச் சிவப்பு நிறம் தருகிறது. அதில் குவார்ட்ஸ் துகளும் உண்டு. நான்கு மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள் மூக்கையும் தொண்டையையும் கடந்து நுரையீரலின் காற்றறைகள் வரை போகக்கூடியவை. விடுமுறைப் பயணி சில நாளில் நோயாளியாகிவிடுவதில்லை. ஆனால் அந்தப் பாதைகளிலேயே வேலை செய்பவருக்கும், ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் கணக்கு வேறு.

80 வரிசையில் காற்று வரும் வழி எளிமையானது. முன் கண்ணாடியின் அடியில், பானெட் முடியும் இடத்தில் கம்பிவலை போட்ட துவாரம் இருக்கிறது. வெளிக்காற்று அதன் வழியே இறங்கி, பயணி பக்கம் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள புளோவர் பெட்டிக்கு வருகிறது. அங்குள்ள ஒரு மடல் வெளிக்காற்றை எடுப்பதா, உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடுவதா என்று தீர்மானிக்கிறது. புளோவர் தள்ளும் காற்று பக்கத்தில் உள்ள கூலிங் காயிலைக் கடந்து, நடுவிலுள்ள ஹீட்டர் பெட்டி வழியாக முகத்துக்கு வருகிறது. வழியில் எங்கும் வடிகட்டி கிடையாது. இலை, விதை, பூச்சி, புழுதி எல்லாம் கூலிங் காயிலின் ஈரமான தகடுகளில் ஒட்டிக்கொள்கின்றன. முப்பது வயதான வண்டியின் காயிலைப் பார்த்தால் தகடு தெரியாத அளவுக்குக் களிமண் அப்பியிருப்பது சாதாரணம். ஏசி போட்டதும் வரும் புழுங்கல் வாடைக்கும், கேஸ் நிரப்பியும் குளிர் வராததற்கும் பல நேரம் இதுதான் காரணம்.

உள்ளழுத்தமே முதல் காவல்

இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. புழுதி பெரும்பாலும் டேஷ்போர்டு வழியாக வருவதில்லை. பின்கதவு வழியாக வருகிறது. பெட்டி வடிவ வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பிய புழுதி அங்கேயே சுழல்கிறது. 80 வரிசையின் பின்கதவு பெரும்பாலும் மேலும் கீழுமாகத் திறக்கும் இரண்டு துண்டு. அவை சேரும் கோட்டில் ரப்பர் பீடிங் காய்ந்து சுருங்கியிருந்தால், உள்ளே அழுத்தம் குறையும் ஒவ்வொரு முறையும் புழுதி உறிஞ்சப்படும். புழுதிக்குப் பயந்து ஓட்டுநர் காற்றை உள்சுற்றில் போடுகிறார். அப்போது வெளியிலிருந்து காற்று வருவது நின்று, வண்டிக்குள் அழுத்தம் ஏறுவதும் நின்று, பின்கதவின் இடுக்குகள் தாராளமாக வேலை செய்யத் தொடங்குகின்றன. கூடவே நான்கு பேர் மூச்சுவிடும் மூடிய அறையில் கரியமிலவாயு ஏறி, ஓட்டுபவருக்கு மந்தம் தட்டும்.

மாற்று வழி, வெளிக்காற்றையே விசிறியால் தொடர்ந்து உள்ளே தள்ளுவது. உள்ளே அழுத்தம் சற்றே கூடியிருந்தால் இடுக்கு வழியாகக் காற்று வெளியேறுமே தவிரப் புழுதி நுழையாது. சுரங்க வாகனங்களின் அறைகள் இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகின்றன. 2021-இல் வெளியான ஐஎஸ்ஓ 23875 தர நெறி அழுத்தம், வடிகட்டல், கரியமிலவாயு மூன்றையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. ஆனால் வடிகட்டி இல்லாத பழைய வண்டியில் வெளிக்காற்றைத் தள்ளினால் புழுதியையும் சேர்த்துத் தள்ள வேண்டும். கேபின் வடிகட்டியின் உண்மையான பயன் இங்கே தெரிகிறது: வெளிக்காற்றைத் தைரியமாகத் திறந்து வைக்க அது அனுமதி தருகிறது. அதனால்தான் காற்றோட்டத்தை நெரிக்கும் வடிகட்டி, எவ்வளவு நுண்ணியதானாலும், இந்த வேலைக்கு உதவாது. உள்ளழுத்தத்தைக் கெடுத்து, முன்னால் தடுத்த புழுதியைப் பின்னால் வரவேற்கும்.

எந்தத் தாள், எவ்வளவு பரப்பு

வடிகட்டியை மாவு சலிக்கும் சல்லடையாக நினைத்தால் பிழை. நல்ல வடிகட்டியின் பாலிபுரொப்பிலீன் இழைகளில் தயாரிப்பின்போதே மின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கும். இழைகளுக்கு இடையே புகுந்துபோகக்கூடிய நுண்துகளும் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். இதனால்தான் காற்றை அதிகம் தடுக்காமலே நுண்துகளைப் பிடிக்க முடிகிறது. சோப்பு நீரில் கழுவினால் அந்த மின்னூட்டம் பாழாகும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், துகளைப் பிடிக்காது. கம்ப்ரஸர் காற்றால் ஊதுவதும் இழைகளைக் கிழிக்கும். கரி சேர்த்த தாள் டீசல் புகையின் நாற்றத்தைக் குறைக்கும். புழுதிக்கு அதனால் கூடுதல் பலன் இல்லை, காற்றுக்குத் தடை மட்டும் கூடும். மருத்துவமனை அளவிலான ஹெப்பா தாள் இந்தச் சிறு புளோவருக்குப் பொருந்தாது.

பலர் வீட்டு ஏசிக்கான வடிகட்டித் தாளை வெட்டி வைக்கிறார்கள். அதன் தரம் மெர்வ் என்ற எண்ணால் குறிக்கப்படும். மெர்வ் 8 என்றால் 3 முதல் 10 மைக்ரான் துகளில் குறைந்தது 70 விழுக்காட்டைப் பிடிக்கும். மெர்வ் 13 என்றால் 0.3 முதல் 1 மைக்ரான் துகளிலும் பாதியைப் பிடிக்கும். அட்டைச் சட்டம் போட்ட வீட்டுத் தாள் ஈரத்தில் ஊறி வளைந்துவிடும் என்பதால் எனக்கு அது உகந்ததாகப் படவில்லை. ஊரில் எளிதாகக் கிடைக்கும் வேறொரு காரின் வடிகட்டியைத் தேர்ந்து, அதன் அளவுக்குக் காற்று வரும் பெட்டியின் சுவரில் துளை வெட்டுவதே மேல். வண்டிக்குள் பயன்படுத்தத் தயாரித்த தாள் தீப்பற்றும் வேகத்துக்கான விதிகளையும் மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. கண்ணாடிக்கடியில் உள்ள துவாரம் சிகரெட் கங்கையும் இழுக்கக்கூடியது என்பதை மறக்கலாகாது.

பரப்புக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. புளோவர் மணிக்கு 400 கன மீட்டர் காற்று தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபதுக்கு இருபது சென்டிமீட்டர் துளையில் அந்தக் காற்று நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் பாயும். தட்டையான தாளுக்கு இது மிக அதிகம். அதே துளையில் மூன்று சென்டிமீட்டர் உயர மடிப்புகள் ஆறு மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருந்தால் தாளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 0.4 சதுர மீட்டர் ஆகும். வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். மடிப்பின் உயரத்தைப் பாதியாக்கினால் வேகம் இரட்டிக்கும். ஆகவே இடம் அனுமதிக்கும் அளவுக்கு உயரமான மடிப்பைத் தேர்வு செய்ய வேண்டும்.

இடம்

மூன்று இடங்கள் பேசப்படுகின்றன. முதலாவது, கண்ணாடிக்கடியில் உள்ள துவாரம். வெட்ட வேண்டியதில்லை, வெளியிலிருந்தே மாற்றலாம். ஆனால் மழையும், ஆறு கடக்கும்போது தெறிக்கும் நீரும் நேரே அதன்மேல் விழும். அங்கே இலை தடுக்கும் உலோக வலை மட்டும் வைத்தால் போதும். இரண்டாவது, புளோவரின் வாய். அங்கே இடம் குறைவு. மேலும் அது உறிஞ்சும் பக்கம் என்பதால் வடிகட்டிக்கும் விசிறிக்கும் நடுவே சிறு இடுக்கு இருந்தாலும் சலிக்காத காற்று நுழைந்துவிடும்.

மூன்றாவது, புளோவருக்கும் கூலிங் காயிலுக்கும் இடைப்பட்ட வழி. வெளிக்காற்று, உள்சுற்றுக் காற்று இரண்டும் இதைக் கடந்தே தீரும். காயிலும் காக்கப்படும். இடுக்கு இருந்தால் காற்று வெளியே கசியுமே தவிர உள்ளே இழுக்கப்படாது. தொழிற்சாலையிலேயே வடிகட்டி வைத்த பல வண்டிகள் இந்த இடத்தையே தேர்ந்தன. காயிலின் ஈரம் தாளில் படாதபடி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும்.

வேலை

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். 80 வரிசையின் பிற்கால வண்டிகள் சிலவற்றில் ஏர்பேக் உண்டு என்பதால் இது கட்டாயம். கிளவ் பாக்ஸையும் அதன் பின்னுள்ள தாங்கியையும் கழற்றினால் புளோவர் பெட்டியும் அதை ஒட்டிய காயில் பெட்டியும் தெரியும். ஏசி கேஸ் குழாய்களைத் தொடவே கூடாது. இந்த வேலைக்கு அவற்றைத் திறக்கும் தேவை இல்லை.

வெட்டுவதற்கு முன் காயிலைச் சுத்தம் செய்ய வேண்டும். இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் முப்பதாண்டு அழுக்குக்கு முன்னால் புது வடிகட்டி வைக்கிறார்கள். மடல்களில் ஒட்டிய பழைய நுரைப்பஞ்சு பொடியாக உதிர்ந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

பிளாஸ்டிக் சுவரில் வெட்டும் இடத்தைக் குறிப்பதற்கு முன், புளோவரைக் கழற்றி அந்தத் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டுக் காயில் எங்கே தொடங்குகிறது என்று அளந்துகொள்ள வேண்டும். காயிலின் அலுமினியக் குழாய் மெல்லியது. கத்தி ஒருமுறை பட்டால் கேஸ் முழுவதும் போய்விடும். வெட்டும் கருவியில் ஆழம் தடுக்கும் கட்டை பொருத்திச் சுவரின் தடிமனுக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம். தூள் உள்ளே விழாமல் வெட்டும்போதே வேக்யூம் பிடிக்க வேண்டும். திறந்த வாயின் உட்புறம் மேலும் கீழும் பிளாஸ்டிக் கோணப்பட்டை ஒட்டினால் வடிகட்டி தண்டவாளத்தில் போலச் சறுக்கி உட்காரும். நான்கு விளிம்பிலும் நீர் உறிஞ்சாத ரப்பர் நுரைப்பட்டை வேண்டும். வடிகட்டியின் திறமை போவது தாளில் அல்ல, விளிம்பில்தான். மூடியைத் திருகாணியால் பொருத்த வேண்டும். டேப் வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். தாளின் மீதுள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்ட வேண்டும்.

சோதனை

வெட்டுவதற்கு முன்னும் பின்னும் நடு வென்ட்டில் காற்றின் வேகத்தைச் சிறு காற்றுவேகமானியால் அளப்பது நலம். செவியை நம்ப முடியாது. காற்று நெரிந்தால் புளோவரின் சுமை குறைந்து சுழற்சி கூடும். ஓசை உரக்கக் கேட்கும், காற்றோ குறைவாக வரும். புளோவரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் அதே காற்றால்தான் குளிர்கிறது என்பதால், நெரிந்த வண்டியில் அது எரிந்துபோக வாய்ப்பு அதிகம். கூலிங் காயிலில் பனி பிடித்து, அரை மணி நேர ஓட்டத்தில் காற்று நின்றுவிடுவதும் குறைந்த காற்றோட்டத்தின் அடையாளமே.

உள்ளழுத்தத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி, வெளிக்காற்றில் விசிறியை மூன்றாம் வேகத்தில் வைத்து, பின்கதவின் பீடிங் ஓரமாக வெளியே ஊதுபத்தியைப் பிடித்துப் பார்க்கலாம். புகை வண்டியை விட்டு விலகிப்போனால் சரி. எங்கும் உள்ளே இழுத்தால் அந்த இடத்துப் பீடிங்கை மாற்ற வேண்டும். செலவு செய்யும் வரிசையில் பீடிங்கே முதலில் வரும். அதை விட்டுவிட்டு வடிகட்டியை மட்டும் போடுவது பாதி வேலை.

பாதையில் வெளிக்காற்றைத் திறந்து, விசிறியை இரண்டு அல்லது மூன்றில் வைத்து ஓட்ட வேண்டும். எதிரே 53.5 மீட்டர் நீள ரோடு டிரெயின் புழுதிச் சுவரோடு வரும்போது மட்டும் உள்சுற்றுக்கு மாற்றி, புழுதி அடங்கியதும் திரும்பிவிடலாம். முன்னே போகும் வண்டியிலிருந்து விலகி ஓட்டுவதற்கு ஈடான வடிகட்டி எதுவும் இல்லை.

தார்ச்சாலையில் ஒரு வடிகட்டி ஓராண்டு வரும். புல்டஸ்டில் ஒரே பயணத்தில் நிறைந்துவிடலாம். ஒவ்வொரு நீண்ட பயணம் முடிந்ததும் எடுத்துப் பார்க்க வேண்டும். நீரில் நனைந்த தாளைக் காயவைத்துப் போடக் கூடாது, பூஞ்சை பிடிக்கும்.

80 வரிசையின் கையேட்டில் இப்படி ஒரு வடிகட்டி இருப்பதாகவே இராது. வண்டி கைமாறினால் வாங்கியவருக்குத் தெரியாது. அடைத்துப்போன தாள் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடக்கும். ஆகவே வடிகட்டியின் அளவையும், எந்தக் காருக்கான தாள் என்பதையும், கடைசியாக மாற்றிய தேதியையும் மூடியின் மேலும் கிளவ் பாக்ஸின் உட்புறமும் அழியாத மையால் எழுதி வையுங்கள்.