கணினி ஏட்டில் காற்புள்ளி

நிறுத்தக் குறிகளுள் மிகக் குறைந்த நிறுத்தத்தைக் காட்டுவது காற்புள்ளி. மாணவன் அதனை இட மறந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு வட்டமிட்டு மேலே செல்வார். அத்துணைச் சிறிய இக்குறி, கணினி உலகில் ஐம்பதாண்டுகளுக்கு மேலாக ஒரு பெரும் பொறுப்பைச் சுமந்து வருகிறது. ஒரு செய்தி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எந்திரத்திற்குக் காட்டும் எல்லைக்கல் அதுவே. அவ்வெல்லைக்கல்லின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

இடமே எல்லையான காலம்

1890ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்த குடிமதிப்பில் ஹெர்மன் ஹாலரித் என்பார் தாம் அமைத்த எந்திரங்களையும் துளையட்டைகளையும் கொண்டு கணக்கெடுத்தார். 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் 80 பத்திகள் கொண்ட அட்டையை வெளியிட்டது. ஒவ்வொரு பத்தியும் ஓர் எழுத்துக்கு உரிய இடம். பெயருக்கு முதல் 20 பத்திகள், வயதுக்கு அடுத்த 2 பத்திகள் என்பதுபோல முன்னரே வகுத்துக்கொள்வர். எல்லையைக் காட்டத் தனிக் குறி வேண்டியதில்லை; இடமே எல்லை.

இம்முறையின் குறை வெளிப்படை. பெயர் நீண்டால் வால் வெட்டுப்படும். குறுகினால் இடம் வீணாகும். துளையிடுவோர் ஒரு பத்தி தவறினால், பின்னுள்ளவை யாவும் இடம் பெயரும்.

வென்ற குறியும் தோற்ற குறியும்

1972இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஃபோர்ட்ரான் மொழியில், மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதினால் கணினி அவற்றைத் தானே பகுத்துக்கொள்ளும் வசதி இருந்தது. பத்தி எண்ணும் தொல்லை இதனால் நீங்கிற்று. 1979இல் விசிகால்க் என்னும் கணக்குத்தாள் நிரல் தோன்றியது. அதனைப் பின்பற்றிப் பல நிரல்கள் எழுந்தன. ஒரு நிரல் எழுதியதை மற்றொரு நிரல் படிக்கவேண்டிய தேவையும் வளர்ந்தது. 1980களில் ‘காற்புள்ளியால் பிரித்த மதிப்புகள்’ என்ற பொருளுடைய பெயர் இவ்வகை ஏட்டிற்கு வழங்கலாயிற்று. அப்பெயரின் ஆங்கில முதலெழுத்துகளே இன்று நாம் கேட்கும் சி.எஸ்.வி.

வியப்பு யாதெனில், இப்பணிக்கென்றே தனிக் குறிகள் முன்னரே வகுக்கப்பெற்றிருந்தன. 1967இல் திருத்தப்பெற்ற ஆஸ்கி எழுத்துக்குறி அட்டவணையில் 28 முதல் 31 வரையுள்ள நான்கு எண்கள், கோப்பு, தொகுதி, பதிவு, கூறு ஆகியவற்றைப் பிரிப்பதற்கே உரியவை. எவர் பெயரிலும் முகவரியிலும் அவை வருவதில்லை. ஆதலின் மயக்கத்திற்கு இடமில்லை. எனினும் வழக்கில் அவை வெல்லவில்லை. அவற்றுக்கெனத் தனி விசை இல்லை. அச்சிட்டால் உருவமும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத செம்மையான குறியை விட்டு, கண்ணுக்குத் தெரியும் மயக்கமுள்ள குறியையே மக்கள் கைக்கொண்டனர்.

பகுத்தலும் ஆக்கலும்

மயக்கம் எவ்வாறு எழுகிறது? பெயர், வயது, ஊர் என மூன்று கூறுகள் கொண்ட பட்டியலில், ‘குமாரசாமி, 14, செந்தூல், கோலாலம்பூர்’ என்று ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம். செந்தூல் கோலாலம்பூரைச் சேர்ந்த பகுதி என்பதை நாம் அறிவோம்; எந்திரம் அறியாது. அது நான்கு கூறுகள் என எண்ணும். இதனைத் தவிர்க்க ஊரை இரட்டை மேற்கோள்குறிக்குள் வைத்தனர். மேற்கோள்குறியே செய்தியின் உள்ளே வந்தால் அதனை இரட்டித்தனர். ஆகவே, காற்புள்ளிதோறும் வெட்டினால் போதும் என்று எண்ணும் நிரல் தவறும். பகுக்கும் நிரல் ஒவ்வோர் எழுத்தாகச் சென்று, தான் மேற்கோளின் உள்ளே நிற்கிறதா, வெளியே நிற்கிறதா என்பதை நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். ஏட்டை ஆக்கும் நிரலும் அதே விதியைப் பேணி எழுதுதல் வேண்டும்.

செர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் பதின்மப் புள்ளி இடும் இடத்தில் காற்புள்ளி இடுவர். அதனால் அந்நாடுகளில் அரைப்புள்ளி எல்லைக்கல்லாயிற்று. இவ்வாறு வழக்குகள் பலவாயின. 2003இல் பைத்தான் மொழியின் 2.3ஆம் பதிப்பில் இத்தகைய ஏடுகளைப் படிக்கவும் எழுதவும் ஒரு தனிப் பகுதி சேர்க்கப்பெற்றது. அதில் இவ்வேறுபாடுகளுக்கு இடப்பட்ட பெயர் ‘கிளைமொழி’ என்று பொருள்படும் சொல்லாகும். தமிழாசிரியர்க்கு இச்சொல்லின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. பொது விதிகளைத் தொகுத்த ஆர்.எஃப்.சி. 4180 என்னும் ஆவணம் 2005ஆம் ஆண்டிலேயே வந்தது. அதுவும் செய்தியறிவிப்பாக வந்ததேயன்றிக் கட்டாய விதியாக வரவில்லை.

ஏடு சொல்லாதவை

காற்புள்ளி எல்லையைச் சொல்லும்; எல்லைக்குள் இருப்பது சொல்லா, எண்ணா, நாளா என்பதைச் சொல்லாது. மனித மரபணுக்கள் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்2 எனப் பெயர்கள் இருந்தன. கணக்குத்தாள் நிரல் அவற்றை மாதமும் நாளுமாகக் கருதி மாற்றிவிட்டது. மரபணுப் பட்டியல்களைக் கணக்குத்தாளாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை உண்டென 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2020இல் மரபணுப் பெயரிடும் குழுவினரே பெயர்களை மாற்றினர். செப்ட்2 செப்டின்2 ஆயிற்று. நிரலுக்கு அஞ்சி அறிவியல் தன் பெயர்களை மாற்றிக்கொண்டது!

எத்தனை வரிகள் இருத்தல் வேண்டும் என்பதையும் இவ்வேடு சொல்லாது. 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகள், 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய கணக்குத்தாள் வடிவிற்கு மாற்றப்பெற்றன. எஞ்சிய வரிகள் ஓசையின்றி உதிர்ந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் நாட்கணக்கில் சேரவில்லை. நோயுற்றோர்க்கு முடிவு தெரிவிக்கப்பட்டது; ஆனால் அவரோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதித்தது.

பிற்கால வடிவங்கள் இக்குறைகளுட் சிலவற்றைத் தீர்க்க முயன்றன. 1998இல் பரிந்துரையாக வெளிவந்த எக்ஸ்.எம்.எல். ஒவ்வொரு கூற்றையும் அதன் பெயராலேயே திறந்து மூடுகிறது. 2001இல் டக்ளஸ் குரோக்ஃபோர்டு வகுத்துப் பரப்பிய ஜேசன், சொல்லை மேற்கோளுக்குள்ளும் எண்ணை மேற்கோளின்றியும் எழுதி வேறுபடுத்துகிறது. எனினும் காற்புள்ளி ஏடு இன்றும் வழக்கொழியவில்லை.

நமக்கும் இதில் பங்குண்டு. மாணவர் பெயர்களைத் தமிழில் எழுதிய பட்டியலைத் திறந்தால், சில வேளை ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையே தோன்றும். 1992இல் உருவான யு.டி.எஃப்.-8 முறையில் ஒருங்குறித் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று எண்களாகப் பதிவாகிறது. படிக்கும் நிரல் வேறு முறையைக் கருதினால் அம்மூன்றும் மூன்று வேற்றெழுத்துகளாகத் தெரியும். பெயர் அழியவில்லை, படிக்கும் மரபே பிறழ்ந்தது. அந்நிலையில் சேமித்துவிட்டாலோ மீட்பது அரிது.

ஆகவே, பட்டியலை அனுப்புவோர் அதனுடன் மூன்று செய்திகளைச் சேர்த்து எழுதுதல் நன்று: எந்தக் குறி பிரிக்கிறது, எந்த எழுத்துமுறை, மொத்தம் எத்தனை வரி. எழுதுவோரும் படிப்போரும் ஒரே மரபில் நிற்கும்போதுதான் எல்லைக்கல் எல்லைக்கல்லாகும்.