தராசு யார் கையில்? மலாக்கா வணிக அறத்தின் வரலாறு

மலாக்காவின் பழம்பெருமையைப் பேசும்போது கப்பல்களையும் சரக்குகளையும் பற்றி நிறையவே பேசுகிறோம். அந்தச் சரக்குகளுக்கு எப்படி விலை வைத்தார்கள் என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தமிழ் முஸ்லிம் வணிகர்களின் வாரிசுகளாகிய நாம் பெருமைப்படவும், எச்சரிக்கை கொள்ளவும் வேண்டிய செய்திகள் அதில்தான் இருக்கின்றன. அவற்றை இந்தப் பொன்விழா மலரில் பதிவு செய்வது பொருத்தம் எனக் கருதுகிறோம்.

பலர் முன்னிலையில் வைத்த விலை

1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். அதற்கு அடுத்த ஆண்டு இங்கு வந்து, 1515 வரை தங்கியிருந்தவர் தோமே பிரெஸ். சுல்தான்கள் காலத்து வணிக வழக்கங்களை அவர் 'சூமா ஓரியெந்தால்' என்னும் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

மேற்கிலிருந்து வந்த கப்பல்கள் சரக்கின் மதிப்பில் 100-க்கு 6 தீர்வை செலுத்தின. குடும்பத்தோடு இங்கேயே குடியேறிய அயல்நாட்டு வணிகர்களுக்கு 3 மட்டுமே. அந்த மதிப்பைச் சுங்க அதிகாரி தன் விருப்பம்போல் நிர்ணயிக்க முடியாது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த, அன்று 'கெலிங்' என அழைக்கப்பட்ட வணிகர்களில் ஐவர். மற்ற நாட்டு வணிகர்களில் ஐவர். ஆக பத்துப் பேர் துமெங்கோங் முன்னிலையில் கூடி மதிப்பிட்டனர்.

விற்பனையிலும் இதே ஒழுங்கு இருந்தது. உள்ளூர் வணிகர்கள் கூட்டாகக் கப்பல்காரருடன் பேசி விலை முடித்து, சரக்கைப் பங்கிட்டு எடுத்துக்கொண்டனர். பருவக்காற்று தவறினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய கப்பல்காரருக்கு இது பேருதவி. விலை எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அவரும் மனக்குறையின்றித் திரும்பினார். ஊர் வணிகரும் இலாபம் கண்டனர்.

அன்றைய வணிகர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நாம் சொல்லவில்லை. உத்தமர் அல்லாதவரும் நேர்மையாக நடந்துகொள்ளும்படி ஓர் ஏற்பாடு இருந்தது. அதன் சிறப்பே அதுதான்.

இரவில் கைமாறிய பொன்

அந்த ஏற்பாட்டை மீறினால் என்ன நடக்கும் என்பதையும் வரலாறு காட்டுகிறது. பெண்டஹாரா துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழிவந்தவர்; மலாக்காவின் செல்வாக்கு மிக்க முதலமைச்சர். 'செஜாரா மெலாயு' கூறும் கதை இது: வணிகர் தலைவரான நீனா சூரா தேவானாவுக்கும் ஷாபந்தரான ராஜா முதலியாருக்கும் வழக்கு ஏற்பட்டது. தீர்ப்புக்கு முன் ஒருவர் இரவோடு இரவாகப் பெண்டஹாராவுக்குப் பொன் கொடுத்தார். அதைக் கேள்விப்பட்ட மற்றவர் லக்சமணாவுக்குக் கையூட்டு கொடுத்து, பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்று சுல்தானிடம் சொல்ல வைத்தார். 1510-இல் பெண்டஹாரா கொல்லப்பட்டார். குற்றச்சாட்டு பொய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. மறு ஆண்டே மலாக்கா வீழ்ந்தது. வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் பகலில் பத்துப் பேர் முன்னிலையில் தீர்க்க வேண்டியதை இரவில் தனியே தீர்க்கத் தொடங்கிய ஊர் தன் பலத்தை இழந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

தோட்டத்துத் தராசு

1896-இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் உருவானது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நம் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். 1907-இல் குடியேற்ற நிதிச் சட்டம் பயணச் செலவை முதலாளிகளின் பொறுப்பாக்கியது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. ஆனாலும் கங்காணியின் பிடி தளரவில்லை. தன் ஆட்கள் வேலைக்கு வரும் நாளுக்கு அவருக்குத் தலைக்காசு உண்டு.

விடியுமுன் பால்மரம் வெட்டியவர் வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வருவார். எடைக்குக் கூலி என்ற முறையில், பாலை நிறுப்பதும் அதில் ரப்பர் எவ்வளவு என்று அளப்பதும் கிராணியின் வேலை. எழுதியதே கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு அங்கே துணை நிற்க ஐவரும் இல்லை, பதின்மரும் இல்லை.

ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் போன்ற சிற்றூர்களில் கடை வைத்த நம்மவர்களும் இந்த வரலாற்றின் பங்காளிகளே. கையில் காசில்லாத நாளில் அரிசியும் பருப்பும் பற்றில் கொடுத்துக் குடும்பங்களைக் காத்த கடைகள் உண்டு. அதே பற்றுப் புத்தகம் படிக்கத் தெரியாதவரைக் கடனில் கட்டிப்போடும் கயிறாகவும் ஆகக்கூடியது. எதுவாக அமையும் என்பது கடைக்காரரின் மனசாட்சியை மட்டுமே நம்பி இருந்தது. அதுதான் குறை.

சுதந்திரத்திற்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தபோது, துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. தராசு உழைத்தவர் கைக்கு வர எடுத்த முயற்சி அது.

இன்று நமக்கு

'நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு' என்ற சொல் இன்று பரவலாகிவிட்டது. 2006-இல் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவே அதற்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. உபகாரச் சம்பளம், நோன்புக் கஞ்சி, இலவச மருத்துவ முகாம் ஆகியவற்றை நம் வணிகர்களும் தாராளமாகச் செய்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. மலாக்காவின் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1748-இல் எழுப்பிய கம்போங் கெலிங் பள்ளிவாசல் இந்தக் கொடை மரபின் சாட்சியாக இன்றும் நிற்கிறது.

ஆனால் கொடைக்கு முன்னால் வருவது அளவை. அளவையில் குறைப்போரை எச்சரிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் 83-ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் கை விட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரிடம் கேட்டார்கள்.

அன்று வாளி சுமந்தவர்களின் பிள்ளைகளும் கடை வைத்தவர்களின் பிள்ளைகளும் இன்று முதலாளிகள். உணவகங்களிலும் மளிகைக் கடைகளிலும் ஊரிலிருந்து வந்த தம்பிமார்கள் நம்மிடம் வேலை பார்க்கிறார்கள். அவர்களின் சம்பளச் சீட்டு அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா? கூடுதல் நேரத்துக்குக் கணக்கு உண்டா? கடவுச்சீட்டு அவர்கள் கையில் இருக்கிறதா, நம் பெட்டியில் இருக்கிறதா? பிறருடைய கடவுச்சீட்டை உரிமையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த சங்கத்துக்கு இதில் ஒரு கடமை உண்டு. நம் வணிகர்களும் அவர்களிடம் வேலை பார்ப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து குறைகளைப் பேசித் தீர்க்க ஓர் அவை வேண்டும். துறைமுகத்தில் ஐவரும் ஐவருமாக அமர்ந்த மரபு நம்முடையது. அதை மீட்டெடுத்தால், நம் கொடைகளுக்கும் எடை கூடும், இன்ஷா அல்லாஹ்.