இருளில் அரும்பும் கிறிஸ்துமஸ் கள்ளி



கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பூக்கும் என்று நம்பி, கிறிஸ்துமஸ் கள்ளியை நம்மில் பலர் வாங்கி வளர்க்கிறோம். செடி பசுமையாகத் தழைக்கிறது. ஆனால் டிசம்பர் வந்தும் ஒரு மொட்டுக்கூட இல்லை! தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இது ஏன் நிகழ்கிறது?

கள்ளி என்று பெயர் பெற்றாலும் இது பாலைவனச் செடி அன்று. தென்கிழக்குப் பிரேசிலின் கடலோர மலைக்காடுகளில், மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் மக்கிய இலைகளைப் பற்றி வளர்வது. நாம் இலை என்று நினைப்பவை உண்மையில் தட்டையான தண்டுகளே. பிரேசில் மக்கள் இதை 'மே மலர்' என்று அழைக்கின்றனர். நமக்கு நேர்மாறாக, அங்கே இரவுகள் நீண்டு வருவது மே மாதத்தில். ஆக, இச்செடி மாதத்தை அறியாது. இரவின் நீளத்தையே அறியும். இவ்வாறு இரவு பகலின் நீளத்தால் செடிகள் பூப்பதை அமெரிக்க அறிவியலார் கார்னரும் அல்லார்டும் 1920-ஆம் ஆண்டில் விளக்கினர். நமது செவ்வந்தியும் இந்த வகையைச் சேர்ந்ததே.

நமது பள்ளத்தாக்கின் திராட்சைக் கொடி, கவாத்து செய்தால் துளிர்த்துப் பூக்கிறது. கள்ளிக்கு அந்த வழி உதவாது. ஏறத்தாழ 6 வாரங்களுக்கு, நாள்தோறும் 13 அல்லது 14 மணி நேரம் தடைபடாத இருள் வேண்டும். நாமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் வாழ்கிறோம். டிசம்பரிலும் நமது இரவு பன்னிரண்டரை மணி நேரம்தான். அதையும் வாசல் விளக்கும் தெருவிளக்கும் குறைத்துவிடுகின்றன. மேகமலை போன்ற குளிர்ந்த இடங்களில், இரவு வெப்பம் 15 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால், இருள் சற்றுக் குறைந்தாலும் மொட்டு வரும். பள்ளத்தாக்கில் அந்தக் குளிர் இல்லாததால், இருளை நாமே கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. இலைமக்கு, தென்னைநார்க் கழிவு, மணல் கலந்த, நீர் தேங்காத தொட்டியில் வளர்ப்போம். காலை வெயில் போதும்; உச்சி வெயிலில் தண்டு சிவந்து வாடும்.

2. மேல்மண் காய்ந்ததும் நீர் ஊற்றுவோம். முற்றிலும் காயவிடவும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் நனைந்து அழுகவிடவும் வேண்டாம்.

3. செப்டம்பரில் உரத்தை நிறுத்துவோம்.

4. அக்டோபர் முதல் வாரத்திலிருந்து மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை, விளக்கு போடாத, காற்றோட்டமுள்ள அறையில் வைப்போம். அல்லது அட்டைப்பெட்டியால் மூடுவோம். பகலில் வெளிச்சம் கட்டாயம் தேவை. இரவில் சிறிது நேரம் விளக்கைப் போட்டாலும் அன்றைய பயன் கெட்டுவிடும்.

5. நவம்பர் நடுவில் மொட்டுகள் தெரிந்ததும் மூடுவதை நிறுத்தலாம். விழாநாளில் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே அப்போதே வைத்துவிடுவோம். அடிக்கடி இடம் மாற்றினாலும் நீர் தவறினாலும் மொட்டுகள் உதிரும்.

6. பூத்து முடிந்தபின் ஒரு மாதம் நீரைக் குறைப்போம். பிறகு இரண்டு மூன்று கணுக்களைத் திருகி எடுத்து, ஓரிரு நாள் நிழலில் உலர்த்தி நட்டால் புதிய செடி கிடைக்கும். அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம்.

இவ்வாண்டு பூக்கவில்லை என்று செடியை எறிந்துவிட வேண்டாம். நன்கு பேணினால் பல பத்தாண்டுகள் வாழக்கூடியது இது. அது மலடாகிவிடவில்லை, நமது வீட்டு விளக்கொளியில் அதற்கு இரவு கிடைக்கவில்லை, அவ்வளவே. இன்னும் ஓர் ஆண்டு பொறுப்போம்.

திருவருகைக் காலத்தில் நாம் நட்சத்திர விளக்குகளை ஏற்றும்போது, மொட்டு விட்ட செடிக்கு அந்த ஒளியால் கேடில்லை. அதற்குள் இருளில் நடக்க வேண்டிய வேலை நடந்து முடிந்திருக்கும்.