சுங்கத் தாளில் இல்லாத பெயர்

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் புலிப்பொறியைப் பொதியின்மேலேயே இட்டனர். இன்று கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி மஸ்ஜித் இந்தியாக் கடைகளுக்குச் செல்லும் துணிப்பொதிக்கோ, தாளிலுள்ள இறக்குமதியாளர் பெயரே அடையாளம். அப்பெயர் பினாமியாயின், விலையைக் குறைத்துக் காட்டிய குற்றம் பெயர் கொடுத்தவர் தலையில் விழும். ஆதாயம் மறைந்து நிற்பவரைச் சேரும். முழுவரி கட்டிய அண்டைக் கடைக்காரர் விலையில் தோற்பார். (பினாமி என்பதே ‘பெயரற்ற’ எனப் பொருள்படும் பாரசீக வழிச் சொல்.) மலேசியாவின் 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், சரக்கில் பயனுரிமை உடையவரையும் இறக்குமதியாளர் என்றே வரையறுத்தது. இந்தியச் சுங்கச் சட்டத்தின் வரையறையில் அத்தகையவர் இடம்பெற்றது 2017இல்தான். ஆயினும் நம் சட்டத்தின் வரையறை, சரக்கு சுங்கக் கட்டுப்பாட்டிலிருந்து முறையாக நீங்கும்வரையே நீள்கிறது. ‘முறையாக’ என்னும் சொல்லில்தான் நாம் தயங்கி நிற்கிறோம்: பொய்த்தாள் காட்டி வெளியேறிய பொதி முறையாக நீங்கியதாகுமா?