தோள் தரையில் பட்ட பின்

மற்போரில் எதிராளியின் இரு தோள்களும் விரிப்பில் அழுந்தினால் போட்டி முடிந்தது. கலப்புத் தற்காப்புக் கலையிலோ அங்கிருந்துதான் இன்னொரு போர் தொடங்குகிறது. அரியானாவின் பலாலி ஊரைச் சேர்ந்த ரித்து போகட்டின் தொழில்வாழ்வை இவ்வேறுபாட்டைக் கொண்டே வாசிக்கலாம்.

2017இல் போலந்தில் நடைபெற்ற 23 வயதுக்குட்பட்டோர் உலக மற்போரில் 48 கிலோ பிரிவில் வெள்ளி வென்றவர் அவர். தோக்கியோ ஒலிம்பிக் நெருங்கிய 2019இல் மற்போரை விடுத்துச் சிங்கப்பூர் சென்றார். நாட்டின் பதக்கக் கணக்கில் அது இழப்பாகலாம், அவருக்கு அது பிழைப்பு. அவ்வாண்டு நவம்பரில் பெய்ஜிங்கில் முதல் தொழில்முறைப் போட்டியை முதற்சுற்றிலேயே வென்றார். சாய்த்து அமுக்கும் பழைய வித்தை கைகொடுத்தது.

2021 டிசம்பர், ஒன் சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரி இறுதி. தாய்லாந்துக் குத்துச்சண்டையில் வளர்ந்த ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ், இரண்டாம் சுற்றில் தரையில் அடியில் இருந்தபடியே கைப்பூட்டிட்டு அவரைப் பணியவைத்தார். மற்போர்க் கண்ணுக்கு, மேலே இருந்தவர் ரித்து.