அச்சச் சுவைப் படங்களும் வீட்டுத் திரையும்

எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று எனத் தொல்காப்பியர் வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் அரசர் ஆகிய நான்கனையும் அதற்கு நிலைக்களன்களாகக் கூறினார். இவற்றுள் இரண்டைத் திரைப்படக் கலை தனக்கெனத் தேர்ந்துகொண்டது. அணங்கால் பிறக்கும் அச்சம் பேய்ப் படங்களை ஈன்றது. கள்வரால் பிறக்கும் அச்சம், மறைந்திருந்து ஒருவர்பின் ஒருவராகக் கொல்வோனது கதையை ஈன்றது. இருவகைப் படங்களுக்கும் கருவிகள் இரண்டே. ஒன்று இருள், மற்றொன்று அமைதி. திரையரங்கில் வாய்த்த இவ்விரண்டும் வீட்டுத் திரைக்கு வந்தபோது எந்நிலை எய்தின என்பது கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத் தமிழர் அறியத்தக்க வரலாறாகும்.

அரங்கில் இருந்த அச்சம்

மலாய்ப் படவுலகில் அணங்கின் அச்சத்தைப் பெரும் வெற்றியாக்கிய படம் 1957-இல் வெளிவந்த 'பொந்தியானாக்'. மகப்பேற்றில் இறந்த பெண் பேயாவாள் என்னும் நாட்டுப்புற நம்பிக்கையை அடியொற்றியது அது. சிங்கப்பூரின் கத்தே கிரிஸ் நிறுவனம் தயாரித்த அப்படத்தில் மரியா மெனாடோ நடித்தார். இயக்கியவர் பி. என். ராவ். 1945-இல் வந்த 'சாலிவாகனன்' என்னும் தமிழ்ப் படத்தை இயக்கியவரும் அவரே. ஆதலின் மலாய்ப் பேய்ப் படத்தின் தொடக்கத்தில் தமிழ்ப் படவுலகின் பயிற்சிக்கும் பங்குண்டு எனலாம்.

தமிழில் கள்வர் வகை அச்சத்திற்கு 1967-இன் 'அதே கண்கள்' ஒரு படி. பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' 1978-இலும், பாலு மகேந்திரா இயக்கி ஒளிப்பதிவும் செய்த 'மூடுபனி' 1980-இலும், மணிவண்ணனின் 'நூறாவது நாள்' 1984-இலும் வந்தன. அமெரிக்காவில் இவ்வகைக்கு வழிகாட்டியான ஜான் கார்ப்பெண்டரின் 'ஹாலோவீன்' வெளிவந்ததும் அதே 1978-ஆம் ஆண்டே என்பது நோக்கத்தக்கது.

நாடா செய்த மாற்றம்

1976-இல் ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் வி.எச்.எஸ். என்னும் வீடியோ நாடா முறையை வெளியிட்டது. 1980-களில் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைத்தெருக்களில் தமிழ்ப்பட நாடாக்கள் வாடகைக்குக் கிடைத்தன. அரங்கில் ஒருமுறை தவறவிட்ட படத்தை வீட்டில் வேண்டியபோது காணும் வாய்ப்பு முதன்முறையாக அமைந்தது. அந்த நன்மை பெரிது. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று.

வி.எச்.எஸ். நாடா திரையின் குறுக்கே ஏறத்தாழ 240 கோடுகளையே பிரித்துக் காட்ட வல்லது. வண்ணத்தின் நுட்பம் அதனினும் மிகக் குறைந்து, 40 கோடுகள் அளவில் நின்றுவிடும். அதனால் வண்ணங்கள் தம் எல்லை கடந்து கசிந்தன. சிவப்பில் அக்குறை மிகுதியும் தெரிந்தது. 'சிகப்பு ரோஜாக்கள்' என்று பெயரிட்ட படத்திற்கு இது பெருங்கேடு அன்றோ! இருளோ கருமையாக நிற்காது, சாம்பல் நிறத்தில் புள்ளிகள் நெளியும் பரப்பாயிற்று. கொலைஞன் ஒளிந்திருக்கும் மூலையும் வெற்று மூலையும் ஒன்றுபோல் தோன்றின.

ஓசையின் நிலையும் அதுவே. பாட்டு நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். வி.எச்.எஸ். நாடாவோ, இந்நாட்டு பால் முறையில், ஏறத்தாழ 2.34 சென்டிமீட்டரே நகரும். அதன் விளிம்பில் பதிந்த ஓசை பாட்டு நாடாவினும் தாழ்ந்திருந்ததில் வியப்பில்லை. மேலும், பதிவுக் கருவி ஓசை குறைந்த இடங்களில் தானே அளவை உயர்த்தும் இயல்புடையது. ஆகவே மௌனம் இருந்த இடத்தில் இரைச்சல் வந்து நிரம்பிற்று. அடுத்து எழும் அலறலுக்கும் முன்னிருந்த மௌனத்திற்கும் உள்ள தொலைவு சுருங்கவே, அச்சமும் சுருங்கிற்று.

மூன்றாவது மாற்றம் பலர் அறியாதது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். பால் முறைத் தொலைக்காட்சி 25 காட்டும். படத்தைச் சற்று விரைவாக ஓட்டியே நாடாவில் ஏற்றுவது வழக்கம். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். இசையின் சுருதியும் அரைச்சுரத்தை நெருங்க ஏறும். அவ்வாறு ஏற்றிய நாடாவில் 'மூடுபனி'யைக் கேட்டவர், இளையராஜாவின் நூறாவது படமாகிய அதன் இசையை அவர் அமைத்த சுருதியில் கேட்டவர் அல்லர்.

இவை ஒரு படியின் குறைகள். படியிலிருந்து படி எடுக்குந்தோறும் குறை பெருகும். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவர் முன்னவர் பிழையையும் காத்துத் தம் பிழையையும் சேர்த்தனர். நாடாவின் கதையும் அஃதே.

தட்டுகளின் காலம்

1993-இல் வகுக்கப்பட்ட வி.சி.டி. மலேசியாவில் விரைந்து பரவிற்று. தட்டு தேயாது, நெளியாது. எனினும் அதன் படம் 352-க்கு 288 புள்ளிகளே. 74 நிமிடமே ஒரு தட்டில் அடங்கும். ஆதலால் தமிழ்ப் படம் இரண்டு, சிலவேளை மூன்று தட்டுகளாயிற்று. திகில் முற்றும் வேளையில் எழுந்து தட்டு மாற்ற வேண்டியதாயிற்று. செய்தியைச் சுருக்கிப் பதியும் முறையில் இருண்ட பகுதிகளே முதலில் தியாகம் செய்யப்பட்டன. நாடாவில் புள்ளிகளாய் நெளிந்த இருள் இங்குக் கட்டம் கட்டமாய் உடைந்தது.

அடுத்து வந்த டி.வி.டி. 720-க்கு 576 புள்ளிகளும் பல்வழி ஓசையும் தர வல்லது. ஆயினும் மூன்று படங்களை ஒரே தட்டில் நெருக்கி விற்றபோது அவ்வல்லமை வீணாயிற்று. கொள்கலம் பெரிதானால் மட்டும் போதாது. அதில் வார்ப்பது எந்த மூலத்திலிருந்து என்பதே முதன்மையானது. இதற்கு 'ஹாலோவீன்' சான்று. 2013-இல் அதன் ப்ளூ-ரே பதிப்பை ஆக்கியபோது, படத்தின் ஒளிப்பதிவாளர் டீன் கண்டியே வண்ணத்தை மேற்பார்த்தார். அங்கே இருளுக்கு அதன் ஆசிரியரே உரை எழுதினார் எனலாம்.

குட்டையில் மூழ்கிய அணங்கு

மீண்டும் 'பொந்தியானாக்'கிற்கு வருவோம். அப்படத்தை இன்று எந்தத் தரத்திலும் காண இயலாது. அதன் தொடர்ச்சியாக அதே ஆண்டில் வந்த 'தெண்டாம் பொந்தியானாக்'கும் மறைந்தது. கத்தே கிரிஸ் நிறுவனரில் ஒருவராகிய ஹோ ஆ லோக், பின்னர்க் கோலாலம்பூரை அடுத்த உலு கிளாங்கில் மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்தை அமைத்தவர். அவரே அப்படச் சுருள்களை ஈயம் தோண்டிய பழங்குட்டையில் எறிந்தார் என்று வழிவழியாகக் கூறப்படுகிறது. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட செய்தியை உ. வே. சாமிநாதையர் வழி அறிந்த தமிழாசிரியர்களுக்கு இது புதிய துயரன்று.

தப்பியது 1958-இன் 'சும்பா பொந்தியானாக்'. சிங்கப்பூரில் 2005-இல் தோன்றிய ஆசியத் திரைப்படக் காப்பகம் அதனைப் பேணி மீட்டெடுத்தது. கத்தே கிரிஸ் மலாய்ப் படத் தொகுதி, 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. முதலிரு படங்களுக்கு இருள் கலங்கிய ஒரு நாடாப் படியேனும் எஞ்சியிருந்தால், அது பொன்னினும் மேலாக மதிக்கப்பட்டிருக்கும்.

இதனால் பெறப்படுவன இரண்டு. மங்கிய நாடாவைக் கண்டு பழம்படங்களின் ஒளிப்பதிவும் இசையும் தாழ்ந்தவை எனத் தீர்ப்பது, பிழைபட்ட ஏட்டைக் கண்டு புலவனைப் பழிப்பதை ஒக்கும். அதேபோல், மங்கிற்று என்று நாடாவை எறிவது ஏட்டை ஆற்றில் விடுவதை ஒக்கும். மூலச்சுருள் எங்குளது என்று தேடுவது முதற்கடன். அது கிடைக்குமளவும், வீட்டு அலமாரியில் உறங்கும் நாடா பூஞ்சணம் பிடிக்காமல், ஈரம் புகாமல் இருக்க வேண்டும். சிதைந்த ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கியன்றோ சங்கநூல்கள் அச்சேறின!