சாரதா மாதர் சங்கமும் கைம்பெண் கல்வியும்

ஈகை பல வகைப்படும். பசித்தோர்க்கு உணவளித்தலும், நோயுற்றோர்க்கு மருந்தளித்தலும், வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப்பந்தலும் மடமும் அமைத்தலும் தமிழ்மக்கள் தொன்றுதொட்டுப் போற்றிவந்த அறங்களாகும். இவை யாவும் உயர்ந்தனவே. எனினும், இவற்றைப் பெறுவோர் பெரும்பாலும் பெறுவோராகவே இருந்துவிடுகின்றனர். பெற்றவரே பின்னர் வழங்குபவராதற்கு வழிசெய்யும் ஈகையும் ஒன்றுண்டு, அது கல்வி. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குவது, 1912ஆம் ஆண்டிற் சென்னையில் நிறுவப்பெற்ற சாரதா மாதர் சங்கத்தின் வரலாறாகும்.

இச்சங்கம் தோன்றிய காலத்தின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். பூப்பெய்துமுன் பெண்களுக்கு மணஞ்செய்து வைக்கும் வழக்கம் அக்காலத்தில் உயர்குலத்தாரிடையே வேரூன்றியிருந்தது. கணவன் இறந்துபடின், இல்வாழ்க்கை இன்னதென்றே அறியாத சிறுமியும் கைம்பெண் எனப்பட்டாள். தலைமயிர் களையப்பெற்று, மங்கல நிகழ்ச்சிகளினின்றும் விலக்கப்பெற்று, அடுக்களையின் ஒரு மூலையில் அவள் தன் வாழ்நாளைக் கழித்தல் வேண்டும். 1856ஆம் ஆண்டிலேயே கைம்பெண் மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஆந்திர நாட்டில் வீரேசலிங்கம் பந்துலு 1881இல் இராஜமகேந்திரியில் மறுமணமொன்றை நடத்திவைத்தார். ஆயினும் சட்டம் அனுமதித்ததைச் சமூகம் எளிதில் ஏற்றிலது. மறுமணத்தை மட்டும் நம்பியிருப்பின் மிகச் சிலரே கரையேறியிருப்பர்.

மற்றொரு குறையும் அந்நாளில் இருந்தது. பெண்பாடசாலைகளிற் கற்பிக்கத் தக்க பெண்ணாசிரியர் போதிய அளவில் இலர். ஆடவர் கற்பிக்கும் பாடசாலைக்கு வளர்ந்த பெண்களை அனுப்பப் பெற்றோர் உடன்பட்டிலர். மணமான பெண்களோ வீட்டுப் பணியை விட்டு வெளிவருதல் அரிது. ஆசிரியரின்மையாற் கல்வி தடைப்பட்டது. கல்வியின்மையால் ஆசிரியர் உருவாதலும் தடைப்பட்டது. இவ்விரு குறைகளையும் ஒருங்கே நோக்கி, ஒன்றைக் கொண்டே மற்றொன்றைத் தீர்க்கலாம் என உணர்ந்தமையே சாரதா மாதர் சங்கத்தாரின் சிறப்பாகும். வீட்டுக்குச் சுமையெனக் கருதப்பட்ட இளங் கைம்பெண்ணே நாட்டுக்கு வேண்டிய ஆசிரியை ஆகலாம் என அவர்கள் கண்டனர்.

சங்கத்தின் உயிர்நாடியாக விளங்கியவர் சகோதரி சுப்புலட்சுமி. இவர் 1886ஆம் ஆண்டிற் சுப்பிரமணிய ஐயருக்கும் விசாலாட்சி அம்மாளுக்கும் மூத்த மகளாகப் பிறந்தார். ஏறக்குறைய 11 வயதில் மணமாகிச் சிறிது காலத்துட் கைம்பெண் ஆனார். ஊரார் எதிர்பார்த்தவாறு அவரை மூலையில் இருத்தப் பெற்றோர் இசைந்திலர். தந்தையார் வீட்டிலே கற்பித்தார். பின்னர்க் கத்தோலிக்கக் கன்னியர் மடத்துப் பாடசாலையில் அவர் பயின்றார். சுற்றத்தாரின் பழிச்சொல்லைக் குடும்பத்தினர் யாவரும் பொறுத்தனர். 1911ஆம் ஆண்டிற் சென்னை மாநிலக் கல்லூரியினின்றும் முதல் வகுப்பிற் பட்டம் பெற்றார். சென்னை இராசதானியிற் பட்டம்பெற்ற முதல் இந்துப் பெண் இவரே என வரலாற்றாசிரியர் கூறுவர். கிறித்தவக் கன்னியரின் தொண்டுள்ளம் அவரை மிகவும் கவர்ந்தது. எனினும் தம் சமயத்தினின்றும் அவர் வழுவிலர். அவரைச் ‘சகோதரி’ என்றழைத்த வழக்கம் இறுதிவரை நிலைத்தது.

பட்டம் பெற்ற மறு ஆண்டிலேயே சங்கம் தோன்றியது. சாரதை என்பது கலைமகளின் திருநாமம். மகளிர் ஒன்றுகூடுதற்கும், சொற்பொழிவுகளைக் கேட்டற்கும், சமூகப் பிரச்சினைகளை ஆராய்தற்கும், கல்வியில் ஆர்வம் ஊட்டுதற்கும் அச்சங்கம் களமாயிற்று. வீட்டு வாயிலைக் கடந்து பொதுவிடமொன்றிற் கூடுதலே அக்காலப் பெண்டிர்க்குப் புதுமை. அதே காலத்தில் எழும்பூரிற் சகோதரியாரின் இல்லத்தில் நான்கு கைம்பெண்கள் தங்கிக் கற்கத் தொடங்கினர். சகோதரியாரின் சிற்றன்னையாராகிய வாலாம்பாள் தாமும் இளமையிற் கைம்மையுற்றவர். அவரே அவ்வில்லத்தின் உணவையும் ஒழுங்கையும் தாயெனப் பேணினார். மராட்டிய நாட்டிற் பண்டித ரமாபாய் 1889இலும், கார்வே 1896இலும் தொடங்கிய பணிக்கு இணையானதொரு பணி, இவ்வாறு தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் முற்றத்தில் முளைத்தது.

தனியொருவர் வீடு எத்துணைப் பேரைத் தாங்கும்? அந்நாளிற் பெண்பாடசாலைகளின் பரிசோதகராக இருந்த லிஞ்ச் என்னும் ஐரிஷ் மாது இம்முயற்சியின் பயனை உணர்ந்து, அரசாங்கத்தின் ஆதரவைப் பெற்றுத்தந்தார். ஆசிரியைகளைப் பெறுதல் அரசாங்கத்துக்கும் தேவையாயிருந்தமையின் அவ்வாதரவு கிட்டியது. விடுதி பின்னர்த் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் என்னும் மாளிகைக்கு மாற்றப்பட்டது. அமெரிக்காவிலிருந்து கப்பலிற் கொணர்ந்த பனிக்கட்டியைச் சேமித்தற்கு 1842இற் கட்டப்பெற்ற மாளிகை அது. 1897இற் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கி உரையாற்றினார். வாணிகப் பண்டசாலையாகப் பிறந்த அக்கட்டடம், ஞானியர் அடிபட்ட இடமாகிப் பின்னர்க் கைவிடப்பட்ட சிறுமியரின் கல்வியகமாயிற்று. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய மணிமேகலையின் கதை கற்றோர் நினைவுக்கு வருதல் இயல்பே.

1922ஆம் ஆண்டிற் சீமாட்டி வெலிங்டன் ஆசிரிய பயிற்சிக் கல்லூரியும் அதனோடிணைந்த பயிற்சிப் பாடசாலையும் தொடங்கப்பெற்றன. சகோதரியாரே அதன் முதல் தலைவியானார். இல்லத்திற் கற்ற பெண் அங்குப் பயிற்சி பெற்று ஆசிரியையாகும் வழி இவ்வாறு முழுமை பெற்றது. கடற்கரைக் குப்பத்து மீனவர் பிள்ளைகளுக்கும் பாடசாலையொன்று அமைந்தது. அரசாங்க விடுதியிற் சேர இயலாத வயதுவந்த கைம்பெண்களையும் பிற பெண்களையும் கருத்திற்கொண்டு, 1920களிற் சங்கம் தன் பொறுப்பிலேயே சாரதா வித்தியாலயத்தை நடத்தியது. 1930களில் அது இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டுத் தியாகராய நகரில் வளர்ந்தோங்கியது. தாம் வளர்த்த நிறுவனத்தை உரிய கையில் ஒப்படைத்துவிட்டு அடுத்த பணியை நாடுதல் இச்சங்கத்தாரின் இயல்பாயிருந்தது.

இப்பணியின் எல்லைகளையும் நடுநிலையாளர் மறத்தல் கூடாது. ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கென்றே நடைபெற்றது. குலாசாரம் பேணப்படும் என்னும் உறுதியின்றேல், அக்காலப் பெற்றோர் தம் மகளிரை ஒருபோதும் அனுப்பியிரார். எனவே உள்ளே சமையலும் நோன்பும் பழைய முறைப்படி நடைபெற, பாடத்தில் மட்டும் புதுமை புகுந்தது. இதனைச் சீர்திருத்தத்தில் அரைவழி நின்றதெனக் குறைகூறுவோர் உளர். சாதிவேலியை உடைக்காத கல்வி எவ்வளவு தூரம் செல்லும் என்னும் அவர்தம் வினா நியாயமானதே. ஆயினும், ஒரே நாளில் எல்லா வேலிகளையும் உடைக்க முயன்றிருப்பின் முதல் நான்கு பெண்களும் அவ்வில்லத்தின் வாயிலை மிதித்திரார் என்பதும் உண்மை. பழைமையாளர் இவ்வளவையுமே பொறுத்திலர், சகோதரியாரை ஏசினர். அவரோ வாதாடுவதிலும், தேர்ச்சி பெற்ற மாணவியரைக் காட்டுவதையே தக்க மறுமொழியாகக் கொண்டார்.

கல்விப் பணி சட்டச் சீர்திருத்தத்துக்கும் துணைநின்றது. 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் நிறுவப்பெற்றது. சகோதரியார் அரசாங்க ஊழியராதலின் அரசியலில் நேரே இறங்க இயலவில்லை. ஆயினும் அச்சங்கத்தின் சமூகப் பணிகளில் ஈடுபட்டார். மணவயது குறித்து விசாரித்த யோஷி குழுவின் முன் சாட்சியமும் அளித்தார். 1929இல் நிறைவேறி 1930இல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 எனவும் ஆணின் மணவயதை 18 எனவும் விதித்தது. ஹர்பிலாஸ் சாரதா என்பவர் பெயரால் அது வழங்கியது. சங்கத்தின் பெயரோடு ஒத்தமைந்தது தற்செயலே. இளங் கைம்மையின் விளைவை இல்லம் ஆற்றியது. அதன் மூலகாரணத்தை அகற்றச் சட்டம் முனைந்தது.

பணி ஓய்வின் பின்னும் சகோதரியார் ஓய்ந்திலர். வயதுவந்த மகளிர்க்கென 1942இல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். 1954இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் மாதர்க்கும் குழந்தைகட்கும் நலநிலையம் அமையத் துணைநின்றார். மயிலாப்பூர் மாதர் கழகத்தாரின் பாடசாலை 1956இல் வித்யா மந்திர் எனப் பெயர் பெற்றதிலும் அவர் பங்கு பெரிது. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்டமேலவையில் அங்கம் வகித்தார். 1958இல் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருதளித்தது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆந் தேதி அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

சங்கத்தின் வெற்றியை அதன் கட்டடங்களைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. உதவி பெற்ற சிறுமி ஆசிரியையாகித் தன் ஊதியத்தில் வாழ்ந்தாள். அவளிடம் வேறு பல சிறுமியர் கற்றனர். அமங்கலியென ஒதுக்கப்பட்டவளின் கையாற் குழந்தைகள் அரிச்சுவடி பெற்றனர். இரக்கத்துக்குரியவள் மதிப்புக்குரியவளானாள். அரைவழி நின்றதெனப்படும் அப்பணி தொட்ட இடத்தில் விளைந்த மாற்றம் இதுவே. ஓர் அறநிலையம் தன்னிடம் வந்தாரை எந்நிலையில் வெளியே அனுப்புகின்றது என்பதே அதனை மதிப்பிடுதற்குரிய அளவுகோல். அவ்வளவுகோலாற் சாரதா மாதர் சங்கம் தமிழகத்தின் தலைசிறந்த அறநிலையங்களுள் ஒன்றாகும்.